பெருக்காமல் விட்ட இருக்கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது கதை விட ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் பெயர் இசக்கியம்மாள், எங்கள் பக்கத்துக் காவல் அம்மன் பெயர். பிறந்தது, இருப்பது எல்லாம் முறப்பநாட்டுப் பக்கம், தாமிரபரணிக் கரையில். சுடுகாட்டைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம், தனியாகத்தான் போய் வருவேன். வழியில் ஒரு புளியமரத்தில் என்னமோ இருக்கிறது என்பார்கள், அந்த மரத்துப் பழத்தைத்தான் நான் பொறுக்கித் தின்று வளர்ந்தேன். "ஒனக்கு எங்கட்டி பயம் வரும், ஒன் பேரக் கேட்டாலே அதுக ஓடிரும்" என்று என் வீட்டுக்காரரே சொல்லுவார். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிக்கத்தான் செய்வேன். ஆனால் இது நடந்தது பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், நாலு பேர் நடமாடுகிற இடத்தில். அதுதான் எனக்கு இன்று வரைக்கும் செரிக்கவில்லை.

எனக்கு வேலை விமானத்தைச் சுத்தம் செய்வது. இதைச் சொன்னதும் ஏணி போட்டு ஏறி றெக்கையைத் துடைப்பேன் என்று நினைக்கிறார்கள். இல்லை, உள்ளே ஜனங்கள் உட்காருகிற இடத்தை. திருநெல்வேலியிலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற ரோட்டில் எங்கள் சின்ன விமான நிலையம் இருக்கிறது. றெக்கையில் காற்றாடி வைத்த சின்ன விமானம்தான் பெரும்பாலும் வரும். வந்த ஜனம் இறங்கினதும் நாங்கள் ஏற வேண்டும், போகிற ஜனம் ஏறுவதற்குள் நாங்கள் இறங்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் குப்பை எடுத்து, மடக்குப் பலகையைத் துடைத்து, கக்கூஸைக் கழுவி, கீழே விரித்திருக்கிற கம்பளத்தைப் பெருக்கி, எல்லாம் முடிய வேண்டும். சுத்தம் செய்து முடித்த இருக்கையில் பெல்ட் இரண்டையும் குறுக்காகப் போட்டு வைப்போம். அப்படிக் கிடந்தால் இந்த இருக்கை முடிந்தது என்று அர்த்தம். பெல்ட் தொங்கிக்கொண்டு கிடந்தால் இன்னும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விமானத்தில் வருகிறவர்கள் எல்லாம் படித்தவர்கள், நறுவிசாக இருப்பார்கள் என்று நானும் முதலில் நினைத்தேன். அடப் போங்கள். முன்சீட்டுப் பைக்குள் பிள்ளையின் ஈரப் பேம்பர்ஸைச் சுருட்டித் திணித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இறங்கிப் போவார்கள். பலகைக்கு அடியில் மென்று துப்பின சூயிங்கம் இருக்கும், எவர் வாயில் கிடந்ததோ. இங்கிருந்து போகிறவர்கள் லேசுப்பட்டவர்களா, ஏறின உடனே அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து நெய்க்கையை இருக்கையில் துடைத்துவிடுவார்கள். சென்னையில் சுத்தம் செய்கிற பெண்கள் திருநெல்வேலிக்காரர்களை என்ன பேச்சு பேசுவார்களோ, அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

என்னோடு ஜோடியாக வேலை பார்க்கிறவள் ரகுமத். மேலப்பாளையம். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் கை பட்டால் இருக்கை கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் அவளிடம் ஒரு கிறுக்குப் பழக்கம். ஜனம் இறங்கின உடனே பிரஷைத் தொட மாட்டாள். வாசலில் நின்று, கடைசி ஆள் அங்கே கட்டிடத்துக் கண்ணாடிக் கதவுக்குள் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பாள். அப்புறம்தான் அல்லா பேரால் என்று பிஸ்மி சொல்லிக் குனிவாள். ஊருக்குக் கிளம்பின ஆள் போய்ச் சேருவதற்கு முன்னால் வீட்டைப் பெருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆள் வெளியே போன கையோடு பெருக்கிக் கழுவுவது பாடை போன வீட்டில்தானே. அதை இவள் விமானத்துக்குள்ளேயும் கொண்டு வந்துவிட்டாள்.

"ஏட்டி, அவிய வந்து எறங்குதாவ. ஊருக்கா போறாவ? இதுல என்ன சாஸ்திரம்?" என்று நான் கிண்டல் செய்வேன்.

"இங்கேருந்து வீட்டுக்குப் போவாண்டாமா? வீடு போய்ச் சேந்தாத்தானட்டி வந்ததா அர்த்தம். நாம வாசல் வரைக்குமாவது பாப்போம்."

"அவிய என்ன ஒனக்குச் சித்தப்பனா பெரியப்பனா?"

"யாராவது ஒருத்தருக்குச் சித்தப்பந்தான" என்பாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

ரகுமத்தின் வீட்டுக்காரர் மீரான் அண்ணன். சவுதியில் லாரி ஓட்டியவர். லீவில் வந்தால் எனக்கு ஒரு தலைவலித் தைலமும் என் பிள்ளைகளுக்கு மிட்டாயும் இல்லாமல் வர மாட்டார். "தங்கச்சி, ஒங்க ஏரோப்ளேன சுத்தமா வச்சிருங்க, என்னைக்காவது நானும் இந்தப் பக்கமா வந்து எறங்குவேன்" என்று கேலி பேசுவார். அவர் வந்து போனதெல்லாம் திருவனந்தபுரம் வழியாகத்தான். நல்ல மனுஷன். அவருக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. வேலையை விட்டு வந்து, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார், ரகுமத் லீவு போட்டுக் கூடவே இருந்தாள். கடைசியில் டாக்டர்கள், இனி இங்கே வைத்திருந்து பிரயோசனம் இல்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மேலப்பாளையத்தில் அவர்கள் மகள் நஸீமாவுக்கு வலி எடுத்துப் பெண் குழந்தை பிறந்தது. தலைப்பிள்ளை. அவர்கள் வழக்கத்தில் பிள்ளை பிறந்ததும் அதன் வலது காதில், தொழுகைக்குக் கூப்பிடுகிற பாங்கைச் சொல்ல வேண்டும், உலகத்தில் பிள்ளை முதல் முதலில் கேட்கிற சொல் அதுவாக இருக்க வேண்டும் என்பார்கள். வழக்கமாக உடனே சொல்லிவிடுவது. ஆனால் நஸீமா, வாப்பாதான் வந்து சொல்லணும், வேறு யாரும் சொல்லக்கூடாது என்று பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரே பிடிவாதம். பெரியவர்கள் எவ்வளவோ சத்தம் போட்டுப் பார்த்தார்கள். போனிலாவது சொல்லட்டும் என்றார்களாம். மீரான் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "போன்ல சொன்னா அது போனு சொன்ன பாங்கு. நான் வந்து சொல்லுதேன், எம்பிள்ளைய பொறுத்திருக்கச் சொல்லு" என்றாராம். ஆஸ்பத்திரியில் பயணத்துக்குச் சரி என்று எழுதி வாங்கி, மறுநாளே விமானத்தில் ஏற்றினார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் ரகுமத் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, அல்லா அவியளுக்கு அந்தப் பாங்கு சொல்லுத வரைக்கும் ஹயாத்தக் குடுக்கணும், உசுரு இருக்கணும். வேற ஒண்ணும் நான் கேக்கல" என்று அழுதாள். நானும் அழுதேன், அழாமல் என்ன செய்வது.

அன்றைக்கென்று பார்த்துச் சென்னை ஆபீசிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். விமானம் உள்ளே எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று சோதனை போடுவதுதான் அவருக்கு வேலை. சின்ன வயசு, கையில் வெள்ளை உறை, கண்ணில் படுவதையெல்லாம் ஒரு விரலால் தேய்த்துப் பார்ப்பார். காலை விமானத்தில் வந்தவர், மதிய விமானத்தைச் சோதித்துவிட்டு அதிலேயே திரும்ப வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் ஜெபராஜ் அண்ணாச்சி விடிந்ததிலிருந்து என் பின்னாலேயே சுற்றினார். "எம்மா இசக்கி, ஒரு தூசி தும்பு இருக்கப்படாது. காண்ட்ராக்ட் போச்சுன்னா ஒனக்கும் வேலை கெடையாது, எனக்கும் கெடையாது, சொல்லிட்டேன்" என்று நூறு தடவை சொல்லிவிட்டார்.

மதியம் விமானம் வந்தது. எல்லோரும் இறங்கினதுக்கு அப்புறம் மீரான் அண்ணனை நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். நான் படிக்குக் கீழே நின்றேன். ஆள் அடையாளமே இல்லை. கண்ணும் கையும் மஞ்சள், வயிறு மட்டும் பெரிதாக, கால்களுக்கு ரகுமத் கம்பளிக் காலுறை மாட்டியிருந்தாள். அந்த நிலைமையிலும் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார், சத்தம் வரவில்லை. "ஏரோப்ளேன் சுத்தமா இருக்குன்னு சொல்லுதாவ" என்றாள் ரகுமத். "பைய, பைய தூக்குங்க" என்று தூக்குகிறவர்களை அதட்டினேன்.

அவர் தம்பி ஆம்புலன்ஸோடு வெளியே காத்திருந்தார். ரகுமத் போகிற போக்கில் என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, நாங்க வீடு போய்ச் சேருத வரைக்கும் அவிய உக்காந்த எடத்தப் பெருக்காத." பச்சைப்பிள்ளைக்குச் சரி சொல்லுகிற மாதிரி நானும் சரி சரி என்றேன். மனசுக்குள், இவள் திருந்தவே மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

மேலே ஏறினேன். கடைசிக்கு முந்தின வரிசையில்தான் அவர்கள் இருந்திருக்கிறார்கள், பார்த்ததுமே தெரிந்தது. இத்தனை வருஷம் விமானத்தைத் துடைத்தவள் முதல் முதலாக அதில் உட்கார்ந்து வந்திருக்கிறாள், அப்போதும் கை சும்மா இருக்கவில்லை. தன் இருக்கையைத் துடைத்து, பையில் இருந்த புத்தகத்தை நேராக வைத்து, பெல்ட்டைக் குறுக்காகப் போட்டுவிட்டுத்தான் இறங்கியிருந்தாள். ஆனால் ஜன்னலோரம் மீரான் அண்ணன் இருந்த இருக்கையில் பெல்ட்டைத் தொடவே இல்லை. இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு கிடந்தது. குறுக்காகப் போட்டால் முடிந்தது என்று ஆகிவிடுமே. அவளுக்கு மனசு வரவில்லை போல.

சென்னையில் மழை என்று விமானம் புறப்படத் தாமதமாகும் என்றார்கள். ஏற வேண்டிய ஜனம் உள்ளே காத்திருந்தது. அண்ணாச்சிக்குச் சந்தோஷம், "நேரம் கெடைச்சிருக்கு, நல்லாத் தேச்சுப் பெருக்கு" என்றார். நான் முன்னால் இருந்து பெருக்கிக்கொண்டே வந்து அந்த வரிசைக்கு வந்தேன். அவர் கால் வைத்திருந்த இடத்தில் ஒரு கைப்பிடி மணல் கிடந்தது.

ஈர மணல். கடல் மணல் என்றால் பொடியாக இருக்கும், இது ஆற்று மணல், பருவெட்டாக, நடுவில் மினுக்கு மினுக்கென்று. பிறந்ததிலிருந்து மிதித்த மணல் எனக்குத் தெரியாதா? இரண்டு கால் அளவுக்கு, குளித்துவிட்டு ஏறி வந்தவன் நின்ற இடம் மாதிரிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, கம்பளிக் காலுறையோடு சென்னையிலிருந்து வந்த மனுஷன் காலில் தாமிரபரணி மணல் எப்படி வரும்? அப்போது அதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. எவன் கொட்டினானோ மூதி என்று பிரஷால் தள்ளி வாரிக் குப்பைப் பைக்குள் போட்டேன்.

சட்டைப்பையில் போன் அடித்தது. ரகுமத். "ஏட்டி, மூச்சு நின்னுட்டுட்டி… யா அல்லா… இரு… இரு… வந்துட்டு. லேசா வந்துட்டு." ஆம்புலன்ஸ் சத்தத்தில் அவள் குரல் பாதிதான் கேட்டது. "ஆத்துப் பாலத்துல ஒரு பக்கம் அடைச்சு வேலை நடக்கு, வண்டி நவுர மாட்டேங்கு. துவா செய்யட்டி." வைத்துவிட்டாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். வாரின இடத்தில் மணல் இருந்தது. அதே அளவு, அதே ஈரம். குப்பைப் பையைப் பிரித்துப் பார்த்தேன், பிஸ்கட் தூளும் காகிதமும்தான் இருந்தது, ஒரு பொட்டு மணல் இல்லை. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விட்டுவிடுங்கள், எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்துபோய்விட்டது. அவள் சொன்னது காதில் கேட்டது, வீடு போய்ச் சேருத வரைக்கும் பெருக்காத. தற்செயலாக இருக்கும் என்று ஒரு மனசு சொல்லியது, இன்னொரு தடவை பெருக்கிப் பார் என்றும் சொல்லியது. அதை மட்டும் நான் செய்யவில்லை. சோதித்துப் பார்க்கிற விஷயமா அது? ஒருத்தர் மூச்சு அல்லவா.

பிரஷைக் கீழே போட்டுவிட்டு நடைபாதையில் குறுக்கே நின்றுகொண்டேன். அந்த நேரம்தான் மேடம் ஏறி வந்தார், பின்னாலேயே அண்ணாச்சி. முன்னால் எல்லா வரிசையும் பார்த்து, விரலால் தேய்த்து, தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர் என்னிடம் வந்து நின்றார்.

"இந்த ரோ ஏன் முடிக்கல? பெல்ட் அப்படியே தொங்குது."

"மேடம், இது மட்டும் இப்படியே இருக்கட்டும் மேடம்."

"ஏலா, ஒனக்கு என்ன கோட்டியா?" என்று அண்ணாச்சி பல்லைக் கடித்தார். "மேடம், நல்லா வேலை பாக்கக்கூடிய பொம்பளைதான், இன்னைக்கு என்னமோ…"

அதற்குள் மேடம் குனிந்துவிட்டார். "என்ன இது, மண்ணா? ஈரமா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே வெள்ளை உறை போட்ட கையால் மணலை ஓரமாக வழித்தார். நான் "வேண்டாம் மேடம்" என்று கத்தினேன். போன் அடித்தது. எடுத்ததும் ரகுமத் அலறியது அங்கே நின்ற மூன்று பேருக்கும் கேட்டது. "இசக்கி, நின்னுபோச்சுட்டி! ஆக்சிஜன் வச்சிருக்கு, நெஞ்ச அமுக்குதாவ, வரமாட்டேங்குட்டி!"

நான் மேடத்தின் கையைப் பிடித்து இழுத்தேன். ஒரு அதிகாரியை இழுக்கிறோம் என்கிற நினைப்பெல்லாம் இல்லை. அவர் உறையில் ஒட்டியிருந்த மணலைப் பார்க்கப் பார்க்க அது இல்லாமல் போனது. கீழே பார்த்தோம், வழித்த இடம் நிரம்பியிருந்தது. போனில் ரகுமத் அழுகையும் சிரிப்புமாக, "வந்துட்டு… வந்துட்டு… கண்ணத் தொறந்துட்டாவ. வண்டியும் நவுந்துட்டு. சன்னலத் தொறந்து விட்டிருக்கேன், ஆத்துக் காத்து அடிக்கி" என்றாள்.

அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனவர்தான், அதற்கு அப்புறம் அவரை அன்று பார்க்கவே இல்லை.

மேடம் பக்கத்து வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், ரகுமத் யார், அவள் பழக்கம் என்ன, பிறந்த பிள்ளை பாங்குக்குக் காத்திருப்பது, எல்லாம். பைத்தியக்காரி என்று நினைப்பார், வேலை போகும், போகட்டும் என்றுதான் இருந்தது. கேட்டு முடித்தவர் சென்னைப் பேச்சையெல்லாம் விட்டுவிட்டு எங்கள் பேச்சிலேயே பேசினார்.

"எனக்கு அம்பாசமுத்திரம்தான். எங்கப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்போ எங்கம்மை வீட்டப் பெருக்காமலே போட்டுருந்தா. நான் மெட்ராஸ்ல இருந்து வந்து, என்னம்மா வீடு இப்படிக் கெடக்குன்னு பெருக்கி விட்டேன். அப்பா வீட்டுக்குத் திரும்பல."

வெள்ளை உறையைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

எழுந்து, தலை சாய்க்கிற இடத்தில் போடுகிற வெள்ளைத் துணியில் சலவைக்குப் போய் வந்த புதுசு ஒன்றை வாங்கினார். மணல் மேல் படாமல் படுகிற மாதிரி விரித்தார். ரகுமத் உட்கார்ந்து வந்த இருக்கையில், அவள் குறுக்காகப் போட்டிருந்த பெல்ட்டை எடுத்துத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டார். "நான் பாத்துக்கிடுதேன். ஜன்னல் சீட்டுல யாரையும் உக்கார விட மாட்டேன், ஈரம்னு சொல்லிருவேன். சென்னையில எறங்குனாலும் நீங்க சொல்லுத வரைக்கும் ஒருத்தியும் பெருக்க மாட்டா" என்றார். என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு ஜனம் ஏறியது, நான் இறங்கினேன். விமானம் அந்த மணலையும் தூக்கிக்கொண்டு பறந்து போனது. நான் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ரகுமத்தின் போனுக்காக நான் காத்திருந்த நேரம் இருக்கிறதே, என் பிரசவ வலியிலும் அப்படி ஒரு நேரம் போகவில்லை. குப்பைப் பைகளைப் போடுகிற இடத்தில் தரையில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், அவள் சாமியையும் விடவில்லை. ஒருவழியாக அடித்தது.

"சொல்லிட்டாவட்டி" என்றாள். அதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அழுதாள். வண்டியிலிருந்து தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்ததும் நஸீமா பிள்ளையைக் கொண்டுவந்து அவர் வாய் பக்கம் பிடித்திருக்கிறாள். காலையிலிருந்து ஒரு சொல் வெளியே வராத மனுஷன், முதல் சொல்லில் இருந்து கடைசிச் சொல் வரைக்கும் திக்காமல், தெளிவாகப் பாங்கு சொன்னாராம். தெருவில் நின்றவர்களுக்குக் கேட்டதாம். பிள்ளை அழாமல் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்ததாம். "எம்பிள்ள பொறுத்திருந்துட்டா" என்று சிரித்தாராம். அன்றைக்கே, சாயங்காலம் மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, மகள் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாங்கு சொன்னதை ரகுமத் சொல்லி வைத்த உடனே மேடத்துக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், அதற்குள் அவரே கூப்பிட்டார். விமானம் சென்னையில் இறங்கியும் அதிலேயே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். "இசக்கிம்மா, அவர் வீடு போய்ட்டாரா?" "போய்ட்டாரு மேடம், பாங்கும் சொல்லிட்டாரு" என்றேன். "தெரியும்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வழியெல்லாம் அந்தத் துணியையேதான் பார்த்துக்கொண்டு வந்தாராம். விமானம் மேகத்துக்குள் இறங்குகிறபோது ஒரு குலுக்கல், ஒரு நொடி கண்ணை மூடித் திறந்திருக்கிறார். துணி தரையோடு தட்டையாகக் கிடந்ததாம். தூக்கிப் பார்த்தால் கீழே ஒரு பொட்டு மணல் இல்லை. நிமிர்ந்தால், ஜன்னலோரத்து இருக்கையில் தொங்கிக்கொண்டிருந்த பெல்ட் இரண்டும் குறுக்காகக் கிடந்ததாம். "நான் தொடல. எங்கம்மை சத்தியமா நான் தொடல" என்றார். கடைசியில், "ஒங்க விமானம் சுத்தமா இருந்துச்சுன்னு ஆபீசுல சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மீரான் அண்ணனைக் குளிப்பாட்டினவர்களில் அவர் தம்பியும் ஒருவர். அவர்தான் பின்னால் ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். காலுறையைக் கழற்றினால் விரலிடுக்கெல்லாம் ஈர மணலாம். "சின்னப்புள்ளையில ஆத்துல குதிச்சிட்டு வந்து உம்மாட்ட அடி வாங்குவோம் பாருங்க, அதே மாதிரி" என்று சொல்லிவிட்டு அவர் குமுறி அழுதுவிட்டார். வண்டி பாலத்தில் நின்றபோது யாரும் இறங்கவில்லை என்று மறுபடி மறுபடி சொன்னார். அவரிடம் விமானத்தில் நடந்ததை நான் சொல்லவில்லை. ரகுமத்திடம் மட்டும்தான் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "நாஞ் சொன்னேம்லா" என்றாள், அவ்வளவுதான்.

புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தா நாட்கள் முடிந்து ரகுமத் மறுபடியும் வேலைக்கு வந்துவிட்டாள். இப்போதெல்லாம் ஜனம் இறங்கினால் வாசலில் இரண்டு பேருமாக நிற்கிறோம். அண்ணாச்சி கீழே நின்று மணியைப் பார்ப்பார், ஆனால் அவசரப்படுத்த மாட்டார். கடைசி ஆள் கண்ணாடிக் கதவுக்குள் போனதும் அவள் பிஸ்மி சொல்லுவாள், நான் ஆத்தா என்பேன், குனிவோம். அந்த இருக்கையைத் துடைக்கும்போது எனக்கு இப்போது பயமெல்லாம் இல்லை. வந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார் அல்லவா.

என்னைத் தூங்க விடாதது வேறு ஒன்று. அந்தப் பிள்ளை இப்போது நன்றாக நடக்கிறாள், மழலை பேசுகிறாள். அவளிடம் இந்தக் கதையை யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் புரிகிற வயசில்லை. அந்த வீட்டுக்கு யார் வந்துவிட்டுக் கிளம்பினாலும் சரி, பால்காரராக இருந்தாலும் சரி, இவள் ஓடிப்போய் மூலையில் இருக்கிற விளக்குமாற்றை எடுத்து வைத்துக்கொண்டு யாரையும் பெருக்க விட மாட்டாளாம். ரகுமத் சொன்னபோது நான் நம்பவில்லை, பிள்ளைகள் ஆயிரம் சேட்டை செய்யும் என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். சாப்பிட்டு, பேசி, பிள்ளைக்கு முத்தம் கொடுத்து, வாரேன் என்று சொல்லிக் கிளம்பி, பஸ் பிடித்து முறப்பநாட்டில் இறங்கி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். போன் அடித்தது.

"ஏட்டி இசக்கி, வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டியா?"

"இப்பதான் வாசல்ல கால வைக்கேன். எதுக்குட்டி?"

"சொல்லித் தொலையப்படாதா? நீ போனதுல இருந்து இவ வெளக்குமாத்து மேல உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேன்னுட்டா." அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இப்ப எந்திரிச்சிட்டா. நீ செருப்பக் கழத்துன சத்தம் இங்கன கேட்ட மாதிரி, அவளா எந்திரிச்சிட்டாட்டி. அதான் ஒனக்குப் போன் போட்டேன்."